வணிக வரலாறு கண்ட பேராசிரியர் அரசரத்தினம்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது யாழ்ப்பாணத்து முதியோர் வாயில் வழங்கிய பழமொழி. அரசாங்க உத்தியோகமே ஆடவர்க்கு அழகு என்னும் எண்ணம் இம்மண்ணில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அஃதொன்றே சான்று. எழுதுவினைஞராகவும் புகைவண்டி நிலைய அதிபராகவும் மலாயா வரை சென்று மீண்டோரின் பெயர்களை நாம் இன்றும் பெருமையோடு எடுத்துச் சொல்கின்றோம். அதே காலத்தில் தென்னிலங்கைப் பட்டினங்களிற் சுருட்டுக்கடை வைத்து, அவ்வருவாயைக்கொண்டு ஊரிலே கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் எழுப்பியோர் பலர். அவர்களின் பெயர்கள் மண்டபச் சுவர்களிலே பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் வாணிகஞ் செய்த முறையோ எங்கும் எழுதப்படவில்லை. முதல் எங்கிருந்து வந்தது? கடன் யார் கொடுத்தார்? வட்டி என்ன? சரக்கு எவ்வழியாகச் சென்றது? இவற்றுக்கு விடை கூறுவார் அரியர். அரசரின் வரலாறு நம்மிடம் உண்டு. புலவரின் வரலாறும் உண்டு. வணிகரின் வரலாறே இல்லை.

இக்குறையை உணர்ந்து, தமிழர் வாழ்ந்த கடற்கரைகளின் வாணிக வரலாற்றை ஆராய்வதிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அறிஞர் ஒருவர் இக்குடாநாட்டிலே தோன்றினார். அவரே பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம். அவர் நமது கல்லூரியில் பயின்றவரல்லர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் மாணவர். ஆயினும், கல்விக்குக் கல்லூரி மதில் எல்லையாவதில்லை. நம் மண்ணின் கணக்கை உலகறிய எழுதிய ஒருவரின் பணியை நமது விழா மலரிலே நினைவுகூர்வது பொருத்தமேயாகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

அரசரத்தினம் 1930ஆம் ஆண்டிற் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்றுத் தேறியபின், இலண்டன் பல்கலைக்கழகத்திலே ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாராய்ச்சியின் பயனாக எழுந்ததே, 1658 முதல் 1687 வரை இலங்கையில் ஒல்லாந்தர் ஆதிக்கம் வளர்ந்த வரலாற்றைக் கூறும் நூல். அது 1958இல் அம்ஸ்ரடாம் நகரிலே ஆங்கில மொழியில் வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது இருபத்தெட்டு.

இலங்கைப் பல்கலைக்கழகத்திலே சில ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்த அவர், 1961ஆம் ஆண்டளவில் கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே இந்தியவியற்றுறைக்குத் தலைமை தாங்கியவர் நெடுந்தீவுத் தந்தைவழியில் வந்த தனிநாயகம் அடிகள். 1966ஆம் ஆண்டு அந்நகரிலே அடிகளின் பெருமுயற்சியால் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. இலக்கியமும் இலக்கணமும் சமயமும் பேசப்பட்ட அவ்வவையிலே, 1650 முதல் 1750 வரையான நூற்றாண்டில் தென்னிந்திய வணிகர் ஆற்றிய பங்கு யாது என்பதை ஆராயும் கட்டுரையை அரசரத்தினம் அளித்தார். தமிழியல் என்பது ஏட்டுச்சுவடியோடு நின்றுவிடுவதன்று, கப்பலேறிய சரக்கும் அதன்பாற்பட்டதே என்பதை அக்கட்டுரை ஒருவாற்றான் உணர்த்தியது.

1970களின் தொடக்கத்தில் அவர் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திலே வரலாற்றுப் பேராசிரியராகப் பதவியேற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றினார். அப்பல்கலைக்கழகம் இருக்கும் ஆமிடேல் என்னும் ஊர் கடலினின்று விலகிய மேட்டுநிலத்தில் உள்ளது. கடல் வாணிகத்தைப் பற்றிய அவரது பெருநூல்கள் அங்கிருந்தே எழுந்தன. 1998ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

வணிக வரலாறு என்பது யாது?

வணிக வரலாறு என்னும் துறை மிகப் பழையதன்று. அமெரிக்காவில் ஹாவாட் வணிகப் பள்ளியிலே 1927ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. நாட்டின் மொத்தச் செல்வத்தையும் வரியையும் பேசுவது பொருளியல் வரலாறு. வணிக வரலாறோ கடைக்குள்ளே நுழைகின்றது. முதல் திரட்டிய முறை, கூட்டாளிகள் உடன்பட்ட முறை, நட்டம் வந்தபோது அதைத் தாங்கிய தோள் எது, நம்பிக்கை எதன்மேல் நின்றது என்பனவற்றை அது வினவுகின்றது.

மேல்நாட்டார் தம் வணிகக் குழுக்களின் கணக்கேடுகளைக் காத்து வைத்துள்ளனர். நமது வணிகரின் ஏடுகளோ கறையானுக்கும் நெருப்புக்கும் இரையாயின. ஆகவே தமிழ் வணிகரைப் பற்றி எழுதப் புகுவோன் பிறர் எழுதிவைத்த கணக்கிலிருந்தே நம்மவரைக் கண்டெடுத்தல் வேண்டும். அரசரத்தினம் மேற்கொண்ட வழி அதுவே. 1602இல் நிறுவப்பட்டு 1799இல் மறைந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி விட்டுச்சென்ற ஆவணங்கள் ஹேக் நகரிலும் கொழும்பிலும் பிற இடங்களிலும் உள்ளன. 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. பழைய ஒல்லாந்த மொழியில், சுழித்தெழுதிய கையெழுத்தில் அமைந்த அவற்றைப் படிப்பதற்கே தனிப்பயிற்சி வேண்டும். மொழியைக் கற்று, எழுத்தைக் கற்று, அதன்பின்னரே வரலாற்றைக் கற்கலாம்.

அங்கே கிடைப்பன கம்பனி அதிகாரிகள் தம் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள். அவற்றில் நம் வணிகர்மீது குறைகளே மிகுதியாகச் சொல்லப்பட்டிருக்கும்: குறித்த தவணையிற் சரக்குத் தரவில்லை, விலையை ஏற்றிக் கேட்கின்றனர், பகைக் கம்பனிக்கும் விற்கின்றனர் என்பன போல்வன. மேலோட்டமாகப் படிப்பவனுக்கு அவை வணிகரின் நேர்மையின்மையாகத் தோன்றும். அரசரத்தினம் போன்றார் படிக்கும்போதோ பொருள் வேறாகின்றது. விலையை ஏற்றிக் கேட்க வல்லவன் அடிமையல்லன். பேரம் பேசும் ஆற்றலுள்ளவன். பகைவனுக்கும் விற்க வல்லவன் ஒருவரையே நம்பியிருப்பவனல்லன். இவ்வாறு அயலாரின் முறைப்பாட்டிலிருந்தே நம்மவரின் வலிமையை அளந்தறிதல் இவ்வாராய்ச்சியின் நுட்பமாகும்.

யானையும் சாயவேரும்

நம் குடாநாட்டைப் பற்றி இவ்வாவணங்கள் தெரிவிப்பவை பலவாகும். 1619இற் போர்த்துக்கேயர் வசப்பட்ட யாழ்ப்பாண இராச்சியம் 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. அக்காலத்திலே இங்கிருந்து ஏற்றுமதியான பொருள்களில் முதன்மையானது யானை. வன்னியர்கள் திறையாகச் செலுத்திய யானைகளும் காடுகளிற் பிடிக்கப்பட்டவையும் குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. ஆனையிறவு என்னும் இடப்பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது. சோழமண்டலக் கரையிலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் யாழ்ப்பாணத்துக்கு வந்து யானைகளை விலைக்கு வாங்கினர். அவற்றைக் கப்பலேற்றிய துறை ஊர்காவற்றுறை.

யானைக்கு அடுத்தன சங்கு, பனைமரம், புகையிலை, சாயவேர் என்பன. சங்கு வங்காளத்துக்குச் சென்று வளையலாயிற்று. பனஞ்சலாகைகள் சோழமண்டலக் கரைக்குச் சென்று வீட்டுக் கூரையாயின. புகையிலை மலையாளக் கரைக்குச் சென்றது. மணற்பாங்கான நிலத்தில் தானே விளையும் சாயவேர், துணிக்குச் செந்நிறமூட்டும் பொருளாதலால் நெசவு மிகுந்த கரைகளிலே பெருமதிப்புப் பெற்றது. அதனை அகழ்ந்தெடுத்தல் குறிப்பிட்ட சாதியார்மேற் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாயிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆவணங்கள் செல்வத்தை மட்டும் காட்டுவனவல்ல. அச்செல்வத்துக்காக வெயிலிற் குனிந்த முதுகுகளையும் காட்டுகின்றன.

இவற்றுக்கு மாறாகக் குடாநாடு வாங்கியன அரிசியும் துணியும். நமது விளைச்சல் நமக்குப் போதாமையால், சோழமண்டலக் கரையிலிருந்து வரும் தோணிகளையே மக்களின் உணவு நம்பியிருந்தது. இந்நிலையில், ஆளுநர் வன் கூன்ஸ் முதலானோர் இலங்கையின் வாணிகம் முழுவதையும் கம்பனியின் கைக்குள் அடக்க முற்பட்டனர். அனுமதிச் சீட்டின்றிக் கப்பல்கள் வரலாகாது. இன்ன துறையிலேயே இறங்கவேண்டும். இன்ன சரக்கைக் கம்பனிக்கே விற்கவேண்டும் என்றெல்லாம் கட்டளைகள் பிறந்தன. தோணிகள் வருவது அருகியது. தோணி வராதபோது அரிசி எவ்வாறு வரும்? ஏகபோகத்தால் இலாபம் கருதிய கம்பனிக்குத் தட்டுப்பாடும் கள்ளக்கடத்தலுமே மிஞ்சின. பின்வந்த ஆட்சியாளர் அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்த நேர்ந்தது. கம்பனி அதிகாரிகளிடையேயும், பத்தாவியாவிலிருந்த மேலிடத்தோடும், இக்கொள்கைபற்றி நடந்த விவாதத்தை அரசரத்தினத்தின் முதல் நூல் படிப்படியாக எடுத்துக்காட்டுகின்றது. பொருளாதாரத் தடையும் உணவுத் தட்டுப்பாடும் நேரிற் கண்ட நம் தலைமுறைக்கு அப்பக்கங்கள் வெறும் பழங்கதையாகத் தோன்றமாட்டா.

சோழமண்டலத்துப் பெருவணிகர்

அவரது தலைசிறந்த நூல் 1986இல் வெளிவந்தது. 1650 முதல் 1740 வரை சோழமண்டலக் கரையில் விளங்கிய வணிகர், கம்பனிகள், வாணிகம் ஆகியவற்றைப் பற்றியது அது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சென்னை, பரங்கிப்பேட்டை, நாகபட்டினம் முதலிய துறைகளை அதிற் காண்கின்றோம்.

அந்நூலின் சிறப்பை உணர்வதற்கு அக்காலத்து ஆராய்ச்சிச் சூழலை அறிதல் வேண்டும். ஆசியக் கடல் வாணிகம் பெரும்பாலும் மூட்டை சுமந்து துறைதோறும் சென்ற சிறு வியாபாரிகளின் தொழிலே என்று வன் லூர் என்னும் ஒல்லாந்த அறிஞர் கூறியிருந்தார். அவர் கருத்து 1955இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபின் பெருவழக்காயிற்று. அரசரத்தினம் முதலிய ஆய்வாளர் ஆவணங்களைக்கொண்டு அதனைத் திருத்தினர். சிறு வியாபாரிகள் இருந்தனர், உண்மை. ஆயின் அவர்களோடு, சொந்தக் கப்பல்களும் பெருமுதலும் பல துறைகளில் முகவர்களும் அரசவையிற் செல்வாக்கும் உடைய பெருவணிகரும் இருந்தனர். சென்னையில் ஆங்கிலக் கம்பனியின் தலைமை வணிகராயிருந்து 1680இல் மறைந்த காசி வீரண்ணா அத்தகையோருள் ஒருவர். கீழக்கரைப் பெரியதம்பி மரக்காயர் மற்றொருவர். சேதுபதியின் அவையிற் செல்வாக்குப் பெற்று, ஒல்லாந்தரின் ஏகபோக முயற்சிக்கு இடையூறாக நின்ற இம்மரக்காயரைப் பற்றி, தனிநாயகம் அடிகள் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஏட்டிலே 1964ஆம் ஆண்டில் அரசரத்தினம் தனிக் குறிப்பொன்று எழுதினார்.

துணி வாணிகம் நடந்த முறையையும் அவர் விளக்கினார். கம்பனி வணிகருக்கு முற்பணம் கொடுக்கும். வணிகர் தரகர் வாயிலாக நெசவாளருக்கு முற்பணம் கொடுப்பர். நெய்து வந்த துணியை மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பர். தரம் குறைந்ததற்கு விலை குறைப்பர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முற்பணம் மூழ்கும். பஞ்சம் வந்தால் நெசவாளன் ஊரைவிட்டுப் போவான், வணிகன் கடன்காரனாவான், கம்பனியின் ஏட்டிலே வாராக்கடன் பெருகும். இவ்விடரைக் குறைக்கும்பொருட்டு, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒல்லாந்தரும் அவரைப் பின்பற்றி ஆங்கிலேயரும் வணிகர் பலரை ஒன்றுசேர்த்துப் பங்குமுதற் கூட்டுகளை அமைக்கச் செய்தனர. ஒவ்வொருவரும் தத்தம் பங்கை இட்டுப் பொதுமுதல் திரட்டி, கூட்டாகவே ஒப்பந்தம் செய்தனர்; நட்டத்தையும் பங்குக்கேற்பத் தாங்கினர். பங்குமுதல் என்பது நேற்று வந்த புதுமையென எண்ணும் நம் இளைஞர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பழவேற்காட்டிலும் சென்னையிலும் நம்மவர் அம்முறையிற் பழகினர் என்பதை அறிவாராக.

இவ்வளவு திறமையுடையோர் ஏன் வீழ்ந்தனர்? அதற்கு விடை தேடியது 1996இல் வெளிவந்த அவரது மற்றொரு நூல். 1750 முதல் 1800 வரை தென்கிழக்கு இந்தியாவின் கடல் வாணிகமும் ஆங்கிலேயர் ஆதிக்கமும் அதன் பொருள். கம்பனி வணிகனாக மட்டும் இருந்தவரை நம் வணிகர் அதனோடு சமமாகப் பேரம் பேசினர். கம்பனி அரசனாக மாறியபோது நிலைமை தலைகீழாயிற்று. நெசவாளர்மேல் அதிகாரம் செலுத்தவும், இடைநின்ற வணிகரை விலக்கவும், விலையைத் தானே விதிக்கவும் அதனால் இயன்றது. தராசும் வாளும் ஒரே கையிற் சேர்ந்தபின் சந்தை சந்தையாக நிற்பதில்லை. நம்மவரின் வீழ்ச்சிக்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணமென்று கூறுவோர்க்கு இந்நூல் தக்க மறுமொழியாகும்.

பிற பணிகள்

மலாயாவில் வாழ்ந்த காலத்தில், அங்குள்ள இந்திய மக்களின் வாழ்வை ஆராய்ந்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இந்தியரைப் பற்றிய நூலொன்றை 1970இல் வெளியிட்டார். வலன்ரைன் என்னும் ஒல்லாந்தப் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய பெருநூலில் இலங்கையைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் குறிப்புரையுடன் பதிப்பித்தார். இலண்டன் ஹக்லூயிட் கழகம் அதனை 1978இல் வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் வட இலங்கை வேளாளர் சமூகம் பெற்றிருந்த ஆதிக்கத்தைப் பற்றி 1981இல் ஒரு கட்டுரை எழுதினார். நம்மிற் பலருக்கு அது இனிய வாசிப்பன்று. ஆயின் தன் சமூகத்தின் புகழை மட்டும் எழுதுவோன் வரலாற்றாசிரியனாகான்.

அவர் முறைக்கும் எல்லை உண்டு. கம்பனி ஆவணங்கள் துறைமுகத்தை நன்கு காட்டும். உள்நாட்டுச் சந்தையையும் வணிகனின் வீட்டையும் அத்துணைத் தெளிவாகக் காட்டமாட்டா. கம்பனியோடு தொடர்பில்லாத வணிகன் அவ்வேடுகளிலே பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவ்விடைவெளியை நிரப்பத்தக்கவை நம்மவரின் சொந்த ஏடுகளே. அவை எங்கே?

நம் கடமை

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவில் மூட்டப்பட்ட தீயினால் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதற்கு அடுத்த ஆண்டு, வட இலங்கைத் தமிழரின் பொருளாதாரத்துக்குரிய வரலாற்று அடித்தளங்களைப் பற்றிய அரசரத்தினத்தின் நினைவுப் பேருரை தந்தை செல்வா நினைவு வெளியீடாக யாழ்ப்பாணத்திலே அச்சாயிற்று. நூலகம் இழந்த ஊரிலே அவ்வூரின் பொருள் வரலாறு அச்சேறியது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் உருகுகின்றது. ஊர்ச்சான்றுகள் அழிந்தபோது, அயல்நாட்டு நிலவறைகளிற் கிடந்த சான்றுகளே நமக்குத் துணைநின்றன.

இவ்விடத்தில் என் வீட்டுச் செய்தியொன்றைக் கூறுவதற்கு வாசகர் பொறுத்தருள்வாராக. என் பாட்டனார் தென்னிலங்கைப் பட்டினமொன்றிற் சுருட்டுக்கடை நடத்தியவர். அவரது பேரேடுகள் இரும்புப் பெட்டகமொன்றில் எங்கள் வீட்டிலே இருந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் யாவரும் புறப்பட்டபோது நாங்களும் புறப்பட்டோம். கையிலெடுத்தவை காணி உறுதிகளும் பிள்ளைகளின் சான்றிதழ்களுமே. கணக்குக் கொப்பிகள் பயனற்றவை என்றெண்ணி விட்டுச் சென்றேன். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரை இல்லை. மழையும் கறையானும் தம் வேலையைச் செய்திருந்தன. ஒரேயொரு கொப்பி எஞ்சியிருந்தது. அதிலே புகையிலைச் சிப்பங்களின் விலையும், சுருட்டுக் கொட்டிலிற் சுற்றுவோர்க்குக் கொடுத்த கூலியும், ஆண்டிறுதி ஐந்தொகையும் உள்ளன. கடன் கொண்ட சிங்கள அயலவரின் பெயர்கள் பாட்டனாரின் தமிழெழுத்தில் வரிசையாக எழுதப்பட்டு, அவற்றுட் பல "தள்ளுபடி" என்று கோடிடப்பட்டுள்ளன. அவர் ஏன் தள்ளினார், எவ்வகையான உறவு அது என்பதை அறிவதற்கு மற்றைக் கொப்பிகள் வேண்டும். அவை இல்லை. வரலாறு பயிற்றுவித்த ஆசிரியனாகிய நானே அவற்றின் அருமையை அறியாதிருந்தேன் என்பதை எழுதும்போது வெட்கமாயிருக்கின்றது.

ஆதலின், பழைய மாணவராகிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்கும் கடல்கடந்தும் வாழும் உங்கள் இல்லங்களிலே பழைய பேரேடு, ஐந்தொகை, ஒற்றி உறுதி, கைமாற்றுத் துண்டு, வணிகக் கடிதம் என்பன எஞ்சியிருப்பின், அவற்றை எறியாதீர்கள். கடை எவ்வளவு சிறிதாயினும், எழுத்து எவ்வளவு மங்கியதாயினும் காத்து வையுங்கள். கல்லூரி நூலகத்தில் அவற்றுக்கென ஓர் அலுமாரி ஒதுக்கப்படுமாயின் நன்று; படமெடுத்துப் பிரதி செய்வதற்கும் இக்காலத்தில் வசதி உண்டு. அங்கே வரும் மாணவன் ஒருவன் அவ்வேடுகளைப் புரட்டி, "இவ்வட்டி ஏன் இவ்வளவு?" என்று வினவுவானாயின், அவ்வினாவிலேயே அடுத்த வரலாற்றாசிரியன் பிறந்துவிடுவான்.

அரசரத்தினம் அயலார் எழுதிய ஏடுகளிலிருந்து நம் முன்னோரை மீட்டுத் தந்தார். நம்மவர் எழுதிய ஏடுகளிற் கறையான் தின்னாது விட்டவற்றையேனும் காத்துக் கொடுத்தலே அப்பேராசிரியருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறாகும்.